மொய் நோட்டும் குவேக்கர் ஏடும்

தஞ்சோங் காராங் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை வரையுள்ள தோட்டப்புறங்களில் நம்மவருக்குச் சங்கங்கள் குறைவில்லை. கோயில் சபை உண்டு. வாலிபர் மன்றம் உண்டு. மாதர் பகுதி உண்டு. தலைவர் தேர்தலில் நாற்காலி பறக்குமளவு உற்சாகமும் உண்டு. ஆயின், "உங்கள் சங்கத்தின் முதற் கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பு எங்கே?" என்று கேட்டுவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். பழைய செயலாளர் கொண்டுபோனார் என்பார் ஒருவர். லயம் இடிபட்டபோது போயிற்று என்பார் மற்றொருவர். சரசுவதி பூசையன்று ஏட்டுக்குச் சந்தனப் பொட்டு. மறுநாள் முதல் அது கரையானுக்கு நைவேத்தியம்!

இதற்கு நம்மவர் கூறும் சமாதானம், "கூலிச் சனங்களுக்கு ஏதையா தஸ்தாவேஜு? அது இராசாக்களுக்கும் துரைமாருக்கும் அல்லவா?" என்பது. இச்சமாதானத்தைப் போன்ற பொய் வேறில்லை. இதைக் காட்டவே குவேக்கர் என்னும் கூட்டத்தாரின் கதையைச் சொல்லப் புகுந்தோம்.

பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரைப் பின்பற்றி எழுந்தவர் இவர். நண்பர்கள் சங்கம் என்பது அவர்கள் கொண்ட பெயர். குவேக்கர், அதாவது நடுங்கிகள், என்பது பிறர் ஏளனமாய் இட்ட பெயர். உழவரும் நெசவாளரும் சிறு வணிகருமே அவருட் பெரும்பாலார். பாதிரி வேண்டா, சடங்கு வேண்டா, பாதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு செலுத்தவும் மாட்டோம் என்றனர். 1662-லும் 1664-லும் அவர்களை ஒடுக்கச் சட்டங்கள் பிறந்தன. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர்.

சிறை புகுந்தவர் செய்ததென்ன? எழுதினர். எந்த ஊரில், எந்த நாளில், எந்த நீதிபதி, யாரைச் சிறையிட்டான். எவர் வீட்டில் எந்தப் பசுவை, எந்தப் படுக்கையை, எந்தப் பாத்திரத்தைப் பறித்தான். அதன் விலை என்ன என்று ஊர்க்கூட்டங்கள் குறித்து இலண்டனுக்கு அனுப்பின. துன்பக் கணக்கைக் கேட்பதற்கென்றே 1675-ல் ஒரு சபை கண்டனர். அக்குறிப்புகள் 44 பெருந்தொகுதிகளாக இன்றும் இருக்கின்றன. வெறும் புலம்பலாயின் மன்னன் கேட்பானா? பெயரும் நாளும் விலையும் இட்ட பட்டியலை அவன் முன்னும் பாராளுமன்றத்தின் முன்னும் வைத்தனர். இன்னும் கேளுங்கள்: 1673-ல், தம்மவர் எழுதிய நூல் ஒவ்வொன்றிலும் இரண்டு படியும், தம்மை ஏசி எழுதிய நூலில் ஒரு படியும் சேர்த்துவைப்பதென்று தீர்மானித்தனர். வசையையும் கணக்கில் வைத்த கூட்டம் அது.

அவர்கள் எவர் முன்னும் தொப்பி கழற்றாதவர். 1670-ல் வில்லியம் பென் என்பாரை வழக்கு மன்றத்தில் நிறுத்தி, வெறுந்தலையாய் வந்தவர்க்குத் தொப்பியை அணிவிக்கச் செய்து, பின்பு தொப்பியோடு நின்ற குற்றத்திற்கு அபராதம் விதித்தனர்! அவ்விசாரணையை அவ்வாண்டே அச்சிட்டு உலகறியச் செய்தனர் குவேக்கர்.

தொப்பிக் கதை நமக்குப் புதிதா? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் நம் தொழிலாளர் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பது. சீனத் தொழிலாளருக்கு ஒத்த கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியனவும் கேட்டனர். ஆர். எச். நாதன் கைதானார், பட்டாளம் வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர். தொப்பி கழற்றாத வெள்ளையனின் பெயரும் நாளும் சொற்களும் ஏட்டில் உள. சைக்கிளில் இறங்க மறுத்த தமிழனின் பெயர் எந்த ஏட்டில் உளது? அவ்வீரத்தை இன்று நாம் பெரும்பாலும் அவனை அடக்கிய அரசாங்கத்தின் கோப்புகளிலிருந்தன்றோ பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்?

சயாம் மரண ரயிலின் கதை இதனினும் கொடிது. காஞ்சனபுரி மயானத்தில் மாண்ட போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், மிகுதியானவற்றின்மேல் பெயரோடு. முகாமில் ஒளித்து ஒளித்து இறந்தார் பெயரை எழுதிவைத்தவர் இருந்தனர். பல்லாயிரவராய் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கோ பெயர் பொறித்த தனிக் கல்லறைகளுமில்லை, முழுப் பட்டியலுமில்லை. செக்ரோலில் நம் பெயர் இருந்ததே என்பீர், இருந்தது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று துரைக்கு வேண்டியதைக் கிராணி எழுதினார். நமக்கு வேண்டியதை எழுத நாம் ஒருவரை வைத்தோமில்லை.

சீர்திருத்தம் பேசும் தோழர்கள் சிறப்பாக நோக்க வேண்டியது குவேக்கர் திருமணம். புரோகிதரில்லை. மணமக்கள் கூட்டத்தின் முன் எழுந்து ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வர், பத்திரம் எழுதப்படும், வந்திருந்த ஆண் பெண் அனைவரும் கையொப்பமிடுவர். நம் சுயமரியாதைத் திருமணந்தான், கையொப்பத்தோடு! 1661-ல் நாட்டிங்காம் நீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. 1753-ல் எல்லா மணமும் அரசாங்கத் திருச்சபையிலேயே நடக்க வேண்டுமென்று சட்டம் வந்தபோது, யூதர்க்கும் குவேக்கர்க்கும் விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக அவர் மணங்கள் ஏட்டில் ஏறியிருந்தன. நம் சீர்திருத்த மணத்தையோ 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது; 1967-ல் அண்ணாதுரை அமைச்சரவை சட்டம் செய்த பின்னரே அங்கு அதற்கு உயிர் வந்தது.

இந்நாட்டில் 1982 மார்ச் முதல் நாள் தொட்டு, முஸ்லிம் அல்லாதார் மணம் பதியப்பட்டாக வேண்டும். எனினும் கோயிலில் தாலி ஏறியதே போதுமென்றிருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. பதிவில்லா மணத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை தாயைப் பற்றியே வரும். தாய்க்கும் பத்திரமில்லையேல் அப்பிள்ளை பிறந்த மண்ணிலேயே அந்நியன். மேளத்துக்கும் பந்தலுக்கும் ஆயிரம் ஆயிரமாய்ச் செலவிட்ட தந்தை, பதிவுக்கு ஒரு நாள் கூலியை இழக்கத் துணியாமையால் வந்த வினை இது. அதிகாரிகள் மீது குறையில்லையென்று சொல்லவில்லை, நிறைய உண்டு. அதைச் சொல்லி வாதாடவும் கையிற் கடிதம் வேண்டுமே!

எழுதத் தெரியாத மக்கள் என்றும் சொல்லற்க. எந்தக் கல்யாணத்தில் எந்த மாமன் எத்தனை வெள்ளி வைத்தான் என்று முப்பது ஆண்டுக்கு முந்தைய மொய் நோட்டை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர் நாம். அதில் ஊர் உண்டு, பெயர் உண்டு, தொகை உண்டு. கடன் திரும்பவேண்டுமென்றால் எழுத்து வருகிறது.

"உள்ளதை எழுதினால் மானம் போகும், சாதிச் சண்டையும் கள்ளுக்கடைக் கடனும் வெளிவருமே" என்பார் சிலர். வரட்டும். குவேக்கரும் மாசற்றவரல்லர், அமெரிக்காவில் அவருட் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். 1688-ல் ஜெர்மன்டவுன் என்னும் ஊரார் நால்வர் அதனைக் கண்டித்து எழுதிய தாளைக் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிவிட்டார்களேயன்றி ஏற்றார்களில்லை. ஆயினும் கிழித்தெறியவில்லை. 1776-ல் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் அடிமை வைத்திருத்தலை விலக்கிற்று. அத்தாள் 1844-ல் கண்டெடுக்கப்பட்டது. மீண்டும் காணாமற்போய் 2005-ல் மறுபடி கிடைத்தது. தம்மைக் குற்றஞ்சாட்டிய தாளே இன்று அவர்க்குப் பெருமை.

கரையானுக்கு அஞ்சுவோர் இரண்டு படி எடுப்பாராக. 1840-ல் சட்டத்தின்படி தம் பிறப்பு, மண, இறப்பு ஏடுகளை அரசாங்கத்தாரிடம் ஒப்புவிக்க நேர்ந்தபோது, குவேக்கர் சுருக்கப் படி எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். கோலாலம்பூரில் 1957-ல் அமைந்த தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தாள்களையும் ஏற்றுக்கொள்கிறது. அங்கொன்று, சங்கத்தில் ஒன்று.

வரும் ஆண்டுக் கூட்டத்தில், மாலைக்கும் பொன்னாடைக்கும் பணம் ஒதுக்கும் தீர்மானத்திற்கு முன்பாக, பழைய ஏடுகளை ஒப்படையாத மாஜி செயலாளர்கள் யார் யார் என்று எழுந்து கேளுங்கள். அவர் சினந்து பேசினால், பேசியதை அப்படியே அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, தலைவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.