பிழையில்லாத டிக்தே

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962இல் எனக்குப் பதினோரு வயது. கொடி மாறியது. எங்கள் பள்ளியில் டிக்தே மாறவில்லை. வாத்தியார் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுதுவோம், பிறகு அவர் பிழைகளை எண்ணுவார். ஒரு பிழையும் இல்லையென்றால் நோட்டின் ஓரத்தில் 'ஜெரோ ஃபோத்' என்று சிவப்பு மையில் எழுதித் தருவார்.

ஒருநாள் ஞானோபதேச வகுப்பில் சாமியார் ஒருவர் மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தையே டிக்தேயாகக் கொடுத்தார். சொத்துள்ள ஒருவன் ஓடிவந்து இயேசுவின் முன் மண்டியிட்டு, நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதி. கட்டளைகளையெல்லாம் சிறு வயதிலிருந்தே கடைப்பிடித்து வருவதாக அவன் சொல்கிறான். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வரச் சொல்கிறார் இயேசு. அவன் துயரத்தோடு போய்விடுகிறான். 'த்ரிஸ்த்' என்ற சொல்லில் சாமியார் நிறுத்தினார். "அவனுக்கு ஏன் துயரம்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அன்று ஜெரோ ஃபோத். அதுதான் பெருமையாக இருந்தது.

சாமியாரின் கேள்விக்குப் பதில் இப்போது தெரியும். புரியாதவனுக்குக் கோபம் வரும், சிரிப்பு வரும், துயரம் வராது. அவனுக்கு எல்லாம் புரிந்தது, அதனால்தான் துயரம். கேட்டது நியாயம் என்றும் தெரிந்தது, தன்னால் கொடுக்க முடியாது என்றும் தெரிந்தது. அந்த நேரத்தில் இயேசு அவனை அன்போடு பார்த்தார் என்று மாற்கு மட்டும் எழுதியிருக்கிறார். அன்பாகப் பார்த்தாரே தவிர, விலையைக் குறைக்கவில்லை. அவன் திரும்பிப் போனபோது பின்னால் ஓடவும் இல்லை.

நாம் விலையைக் குறைத்துக்கொள்கிறோம். ஊசிக் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் நுழைந்துவிடலாம் என்று பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் ஏதும் இல்லை. நமக்கு வேண்டியிருந்தது, கட்டிக்கொண்டோம்.

எல்லோரும் சொத்தை விற்றுவிட்டால் உலகம் எப்படி நடக்கும் என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். லூக்கா சுவிசேஷத்தில் சக்கேயு பாதிச் சொத்தைத்தான் கொடுக்க முன்வந்தான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதை இயேசு ஏற்றுக்கொண்டார். ஆகவே தொகை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆனால் எதை விடவே முடியாது என்று நாம் கட்டிப்பிடித்திருக்கிறோமோ அதன்மேல்தான் கேள்வி வந்து விழுகிறது.

எங்கள் ஊரில் அது பணத்தின்மேல் விழவில்லை, சாதியின்மேல் விழுந்தது. பழைய சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அதை இடித்ததையும் அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சச்சரவு செய்தவர்கள் பூசைக்கு வராதவர்கள் அல்ல. ஒரே அப்பத்தில் பங்குகொள்வது என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2004இல் என் மகன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்பினான். எங்கள் பங்கைச் சேர்ந்தவள்தான். ஞாயிறு பூசையில் நிருப வாசகத்தை அவ்வளவு தெளிவாக வாசிப்பாள். கோவில் வாசலில் நானே ஒருமுறை அவளைப் பாராட்டியிருக்கிறேன். பிறந்த சாதி வேறு. "எனக்கு ஒன்றுமில்லைப்பா, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்றேன். அம்மாவின் உடல்நிலையைச் சொன்னேன். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். அவன் நல்ல பிள்ளை, விட்டுக்கொடுத்துவிட்டான்.

பிறகு எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மகன் வேறிடத்தில் கல்யாணம் செய்து நன்றாக இருக்கிறான், மருமகள் நல்லவள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பணக்காரனும் ஊருக்குப் போய் நன்றாகத்தான் வாழ்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். தண்டனை வந்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடலாம். வரவில்லை. அந்தத் துயரம் மட்டும் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அப்போஸ்தலர் பணியில் வரும் ஆளுநர் பெலிக்ஸை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். கைதியாக இருந்த பவுல் நீதியைப் பற்றியும் வரப்போகும் தீர்ப்பைப் பற்றியும் பேசியபோது அவன் பயந்துபோனான். இப்போது போ, நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று சொல்லியனுப்பினான். கோப்பை மறுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. அப்படிப்பட்ட அதிகாரிகளிடம் நான் எத்தனையோ கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். பெலிக்ஸ் அப்படி இரண்டு வருடம் கடத்தினான்.

அந்தப் பெண் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறாள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் சில ஞாயிறுகளில் எதிர்ப்பட்டால் கைகூப்புகிறாள், நானும் கைகூப்புகிறேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். மகனிடமும் கேட்க வேண்டும். சரியான சமயம் வரட்டும் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

டிக்தேயில் பிழையில்லை. ஆனால் சாமியார் எனக்கு அதை எழுதத் தெரிகிறதா என்று மட்டுமா பார்த்தார்?