அப்பளப் பெட்டியும் சில இசைத்தட்டுகளும்

பணி ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த உருக்காலை ஊரை விட்டு நாங்கள் நகரவில்லை. இப்போது நகர வேண்டிய கட்டாயம். பெங்களூரில் இருக்கும் மகன் மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறான். அறை என்றால் அறைதான்; அதில் இரண்டு கட்டில், ஒரு பீரோ, அப்புறம் நாங்கள். ஆகவே எதை எடுத்துப் போவது, எதைத் தள்ளுவது என்று ஒரு மாதமாக வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது.

மகனின் முதல் தீர்ப்பு என் இசைத்தட்டுகள் மீதுதான். "அப்பா, அந்த இரைச்சலையெல்லாம் யாராவது கலெக்டர்கிட்ட வித்துடலாம்ப்பா. நல்ல விலை போகுமாம்." கலெக்டர் என்று அவன் சொன்னது மாவட்ட ஆட்சியரை அல்ல, பழைய ரெக்கார்டு வாங்கிச் சேர்க்கும் ஆசாமியை.

சங்கத்து நண்பர்கள் பலருக்கு என்னிடம் இருக்கும் கே.பி.எஸ்., எம்.எஸ். தட்டுகள் தெரியும். பொங்கல் விழாவுக்கு இரவல் வாங்கிப் போயிருக்கிறீர்கள். (ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.) ஆனால் அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னொரு முப்பது எல்.பி. உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1981-82ல் உலோகவியல் படிக்க ஒரு வருடம் ஷெஃபீல்டில் இருந்தபோது வாங்கியவை. பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட்.

ஷெஃபீல்டு எஃகுக்குப் பேர்போன ஊர். ஹென்றி பெஸ்ஸமர் 1858ல் ஆலை வைத்தது அங்கேதான். நம் சமையலறையில் இருக்கும் எவர்சில்வரின் தாத்தாவான துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913ல் உருக்கியதும் அங்கேதான். நான் போய் இறங்கியபோது அந்தப் பெருமை உதிர்ந்துகொண்டிருந்தது. 1980 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாடு முழுவதும் உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்து, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருந்த நேரம். ஹாட்ஃபீல்ட்ஸ் என்ற பெரிய ஆலை இருந்த இடத்தில் 1990ல் மெடோஹால் என்று ஒரு கடைவளாகம் திறந்தார்கள். எஃகு வார்த்த இடத்தில் இப்போது செருப்பும் சட்டையும் விற்கிறார்கள்.

அந்த ஊர்ப் பையன்கள் சிலர் அப்போது ஒரு விசித்திரமான சங்கீதம் செய்துகொண்டிருந்தார்கள். காபரே வால்டேர் என்று ஒரு குழு. 1973லேயே தொடங்கியவர்கள். டேப்பை வெட்டி ஒட்டுவார்கள், குரலை மின்கருவியில் விட்டு நசுக்குவார்கள், தாளம் மட்டும் இயந்திரம்போல ஓடிக்கொண்டே இருக்கும். 1981ல் வந்த 'ரெட் மெக்கா' நான் புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய தட்டு. ராத்திரியில் படுக்கையிலிருந்தே கேட்கும் சம்மட்டி உலைச் சத்தம்தான் எங்கள் தாலாட்டு என்கிற மாதிரி அந்த ஊர்க் கலைஞர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ரோலிங் மில்லில் ஆறு வருடம் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் போனவன் நான்.

போன மாதம் தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்தேன். உறைகளில் பூஞ்சை. தட்டுகளை வாலை வடிநீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவைத்தேன். பிளேயரின் ரப்பர் பெல்ட் தொட்டதும் பொடியாகக் கொட்டியது. கொல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பக்கம் போன ஒருவர் மூலம் வேறு வாங்கி மாட்டினேன். பிறகு பத்து நாள் மத்தியானம், மனைவி தூங்கும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதலில் பப்ளிக் இமேஜ் லிமிடெட்டின் 'மெட்டல் பாக்ஸ்'. 1979ல் வந்தது. சினிமாச் சுருள் வைக்கும் வட்டத் தகரப் பெட்டிக்குள் மூன்று தட்டு. ஊரிலிருந்து வந்த என் அம்மா அதைப் பார்த்ததும், "அப்பளம் வைக்க அளவாச் செஞ்சிருக்கானே ராசா" என்று எடுத்துக்கொண்டாள். தட்டுகள் செய்தித்தாளுக்குள் போயின. பதினொரு வருடம் அதில் அப்பளம்தான் இருந்தது. இன்று அந்தப் பெட்டிக்கு வெளிநாட்டில் நல்ல மதிப்பு என்று மகன் சொல்கிறான். மூடியில் துரு, உள்ளே லேசாகப் பெருங்காய வாசம். கலெக்டர் என்ன விலை சொல்வாரோ தெரியாது. தட்டு மட்டும் இன்றைக்கும் அடிவயிற்றில் அதிர்கிறது.

ஹியூமன் லீக் குழுவின் 'பீயிங் பாயில்ட்' 1978ல் வந்த சின்னத் தட்டு. பட்டுப்புழுக்களை உயிரோடு வேகவைப்பதைப் பற்றிய பாட்டு என்று மனைவியிடம் விளக்கினேன். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. "பட்டுப்புடவை எடுத்துத் தர மனசில்லேன்னா நேரா சொல்லுங்க" என்றாள். அந்தப் பாட்டில் மதங்களையெல்லாம் குழப்பியடித்திருப்பார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாத் தட்டையும் பாராட்ட நான் உட்காரவில்லை. த்ராபிங் க்ரிஸல் என்ற லண்டன் குழுதான் இந்த இசைக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயர் நிலைக்கக் காரணம்; 1976ல் அந்தப் பெயரிலேயே தங்கள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1979ல் வந்த அவர்கள் தட்டின் உறையில் நால்வர் பூக்களுக்கு நடுவே புன்னகையோடு நிற்பார்கள். "பிக்னிக் போன படமா?" என்று மனைவி கேட்டாள். அது பீச்சி ஹெட். தற்கொலைகளுக்குப் பேர்போன பாறை முனை. சரி, விகடம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் கம்பெனியின் சின்னம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் புகைப்படம். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் தன் பெயரை எடுத்ததோ, முகாமில் பெண்கள் அடைத்துவைத்துச் சீரழிக்கப்பட்ட பகுதிக்கு ஒரு நாவல் கொடுத்திருந்த பெயரிலிருந்து. இருபத்தேழு வயதில் இதெல்லாம் எனக்குத் துணிச்சலாகத் தெரிந்தது. இப்போது கூசுகிறது. லட்சக்கணக்கானவர் செத்த இடத்தைக் கடைப்பலகையாக மாட்டுவதற்கு எந்தக் கலையும் சமாதானம் சொல்லமுடியாது என்பது என் கட்சி. த்ராபிங் க்ரிஸல் தட்டு இரண்டும் விற்பனைக்குத்தான்.

ஜாய் டிவிஷன் தட்டை மட்டும் எடுத்துவைத்துவிட்டேன். அதற்குக் காரணம் பேத்தி. கோடை விடுமுறைக்கு வந்தவள் கருப்பு டி-ஷர்ட் போட்டிருந்தாள். நெஞ்சில் மலைத்தொடர்போல வெள்ளைக் கோடுகள். என்னம்மா அது என்றேன். "டிசைன் தாத்தா" என்றாள். உள்ளே போய் 1979ல் வந்த 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! அந்தக் கோடுகள் ஒரு துடிவிண்மீனின் ரேடியோத் துடிப்புகள் என்றேன். 1967ல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த முதல் துடிவிண்மீன் அது. அந்தக் கண்டுபிடிப்புக்கான 1974 நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போயிற்று. பிறகு பாடியவரைப் பற்றிக் கேட்டாள். இயன் கர்ட்டிஸ் என்பவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். உடல் ஊனமுற்றோருக்கு வேலை தேடிக்கொடுப்பது அவர் பணி. அங்கே வந்த வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அதே நோய் அவருக்கும் வந்தது. 1980 மே 18ல், இருபத்துமூன்று வயதில் தற்கொலை செய்துகொண்டார். பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போடு தாத்தா, கேக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் ஒன்று நடந்தது. கடைசிப் பாட்டில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் வரும். பேத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் திரும்பவில்லை, எனக்கு அது சரியாகக் கேட்கவே இல்லை. 1982ல் இதே தட்டில் அந்தச் சத்தத்துக்கு நானும் திடுக்கிட்டவன்தான். காது டாக்டர் காட்டிய வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுகிறது. பல வருடம் ஆலைச் சத்தத்தில் நின்றவர்கள் பலருக்கும் இப்படித்தானாம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. காதடைப்பான் என் சட்டைப்பையில்தான் இருந்தது, போட்டுக்கொள்ள வெட்கம். உயர்ந்த ஒலிகள் போய், அந்த இடத்தில் ஓயாத ஒரு ரீங்காரம் இருக்கிறது. ஆக மகன் சொல்லும் இரைச்சலை விற்றாலும் முழுதாக விற்கமுடியாது.

இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நாம் இங்கே வந்தது எதற்காக? பரதநாட்டியம் ஆடவா, பட்டிமன்றம் பேசவா? ஆலைச் சங்கு கூப்பிட்டது, வந்தோம். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று 1950களின் கடைசியில் உலைகள் எழும்பியபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் நாம். சங்கம் ஆண்டுவிழா கொண்டாடுகிறது. மேடையில் காவிரி ஓடுகிறது, தாமிரபரணி ஓடுகிறது. நம் அப்பன்மார் நாற்பது வருடம் கேட்ட உலைச்சத்தம் ஒரு நிமிஷமாவது ஒலித்ததுண்டா? அதை அழகு என்று நான் சொல்லவரவில்லை. அது நம் சோறு.

காபரே வால்டேரில் இருந்த கிறிஸ் வாட்சன் 1981ல் குழுவை விட்டு விலகித் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளராகப் போனார். அட்டன்பரோவின் பறவைப் படங்களுக்கு ஒலி பிடித்தவர் அவர். மெக்சிகோவில் ஒரு ரயில் பாதையின் சத்தங்களைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அந்தப் பயணி ரயில் பின்னர் நின்றுபோயிற்று. அந்தப் பதிவுகளை வைத்து 2011ல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். இல்லாத ரயில் அதில் ஓடுகிறது. டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற குழு பழைய இரும்பை வாத்தியமாக அடித்தவர்கள். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தென் வேல்ஸ் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து தட்டு போட்டார்கள். ஷெஃபீல்டு நண்பர் தபாலில் அனுப்பிய அந்தத் தட்டை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. சுருதி பிசகாமல் பாடும் அந்த ஆண்களில் பலர் அடுத்த சில வருடங்களில் வேலை இழந்தவர்களாக இருப்பார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய காரியமெல்லாம் வேண்டாம். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. இன்னும் ஓடும் ஆலையின் சங்கை யாராவது விடிகாலையில் பதிவு செய்யட்டும். எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் நம்மிடையே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். முதல் நாள் உலைக்கு முன்னால் நின்றபோது எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வதைப் பிடித்து வைக்கலாம். செயற்குழுவில் இதைச் சொன்னபோது "அதுக்கு யாரு சார் கைதட்டுவா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கைதட்டாமல் ஒரு நிகழ்ச்சி நடத்திப் பார்ப்போமே என்கிறேன்.

நாங்கள் கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முப்பதில் பதினெட்டுத் தட்டுக்கு மகனிடம் சம்மதம் சொல்லியாயிற்று. பாக்கி பன்னிரண்டு, பிளேயரோடு, பெங்களூர் பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகின்றன. பேத்தி அளந்து பார்த்துச் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கேட்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். காப்பி உண்டு. தகரப் பெட்டியை மனைவி மறுபடி அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டதால், அப்பளமும் உண்டு.