சதவீதம் சரி, எதன்மேல் சதவீதம்?

(நமது பாலக்காடு நிருபர்)

தேர்தல் வந்தால் கொடிகள் மலையேறி வருகின்றன. தேர்தல் முடிந்தால் இறங்கிவிடுகின்றன. ஏறியது இறங்காமல் நிற்பது கடைச் சாமான் விலை ஒன்றுதான். மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதிப் பக்கம் நம்மவர்கள் சலிப்போடு சொல்லும் பேச்சு இது. சலிப்பு நியாயமானதே. ஆனால் சலிப்பால் கூலி உயராது. 2015-ஆம் ஆண்டு மூணாறில் நடந்ததை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால், எங்கே வென்றோம், எங்கே நழுவவிட்டோம் என்பது விளங்கும்.

அவ்வாண்டு செப்டம்பரில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி, முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. லாபம் குறைந்துவிட்டது என்பது நிர்வாகத்தின் வாதம். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகரில் இறங்கி நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டனர். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்ற மூன்று சங்கங்களின் தலைவர்களையும் அவர்கள் அருகே விடவில்லை. தலைவர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. செப்டம்பர் 13-ஆம் தேதி, அப்போதைய முதல்வர் உம்மன் சாண்டி தலையிட்டுப் பேசி, 20 சதவீதம் என்று முடிவாயிற்று. பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

இருபதுக்குள் என்ன இருந்தது?

இனி அந்த 20 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். அதில் போனஸ் 8.33 சதவீதம் மட்டுமே. மீதி 11.67 சதவீதம் கருணைத் தொகை. அன்று அமலில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி 8.33 என்பது எந்தக் கம்பெனியும் கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சம். அதாவது, சாலையில் உட்கார்ந்து வாங்கிய பெரும்பகுதி உரிமையாக வரவில்லை. அந்த ஆண்டுக்கு மட்டும் தந்த சலுகையாக வந்தது. கைக்கு வந்த பணம் ஒன்றுதான். ஆனால் உரிமையை மறு ஆண்டும் கேட்கலாம். சலுகையைக் கேட்க முடியாது.

இன்னொன்று. மாதச் சம்பளம் ரூ.3,500-க்கு மேல் இருந்தாலும், போனஸ் கணக்குக்கு அதை ரூ.3,500 என்றே கொள்ளலாம் என்று அன்றைய சட்டம் சொன்னது. அந்தக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு ரூ.42,000. அதில் 10 சதவீதம் ரூ.4,200, 20 சதவீதம் ரூ.8,400. அதே 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்த வரம்பை ரூ.7,000 ஆகவும், குறைந்தபட்சக் கூலி அதற்கு மேல் இருந்தால் அக்கூலியாகவும் உயர்த்தியது. சதவீதம் மாறாமலே தொகை இரட்டிப்பாக இடம் ஏற்பட்டது. ஆகவே "எத்தனை சதவீதம்?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "எதன்மேல் சதவீதம்?" என்பதே முழுக் கேள்வி.

இந்தக் கம்பெனியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. 2005-இல் டாடா டீ தோட்டங்களை விட்டு விலகியபோது உருவான இதில் பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர், ஊழியர் பெயரில் உள்ளன. காகிதத்தில் கொழுந்து எடுப்பவரும் ஒரு முதலாளி. அப்படியிருந்தும் போனஸுக்காக அவர் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. பங்குப் பத்திரம் வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கூலியும் கடைவிலையும்

அன்று நாள் கூலி ரூ.232. பெண்கள் கேட்டது ரூ.500. அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூவரும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழு அக்டோபரில் தேயிலைக்கு ரூ.301 என்று ஒப்புக்கொண்டது. இருபத்தைந்து நாள் வேலைக்கு ரூ.5,800 வாங்கிய குடும்பத்துக்கு ரூ.7,525.

அந்த ரூ.232-க்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோ. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத் தூளாகும். ஆகவே ஒருவரின் ஒரு நாள் உழைப்பு நாலரைக் கிலோவுக்கு மேல் தூள். ஆலைச் செலவு, வண்டிச் சத்தம், ஏலம், கமிஷன் எல்லாம் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் மாதச் சாமான் வாங்கப் போகும்போது, நாலரைக் கிலோ தூளின் விலையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே எவ்வளவு தங்குகிறது என்பது புரியும்.

என்னைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி கணக்காகிறது; அதற்காக நான் சாலையில் உட்காருவதில்லை. தோட்டக் கூலி பெரிதாக உயர்வதோ பேச்சுவார்த்தை மேஜையில். பேச்சு இழுத்தாலும் அரிசி விலை காத்திருப்பதில்லை.

குறைந்த கூலியில் சொந்த வீடு கட்ட முடியாது. லயம் கம்பெனியுடையது, வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியபோது போன உயிர்கள் 70. மழையைக் கம்பெனி பெய்விக்கவில்லை. ஆனால் வேறிடத்தில் குடியிருக்க வழியில்லாத கூலிதான் அவர்களை அங்கே வைத்திருந்தது.

சமவெளியிலும் அதே கதை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லைக்கருகே உள்ளது பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது என்று ஊரார் 2002 ஏப்ரலில் ஆலைக்கு எதிரே போராட்டம் தொடங்கினர். முன்னே நின்றவர் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உற்பத்தி மீண்டும் தொடங்கவில்லை. ஊருக்கு நேர்ந்த நஷ்டம் ரூ.216.26 கோடி என்று அரசின் உயர்நிலைக் குழு 2010-இல் கணக்கிட்டது. நஷ்டஈட்டுக்கு டிரிப்யூனல் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டசபை 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவே இல்லை.

மூணாறில் போராட்டம் பணமாயிற்று, உரிமையாகவில்லை. பிளாச்சிமடையில் நஷ்டம் கணக்காயிற்று, பணமாகவில்லை. இரண்டு இடத்திலும் முதலில் உட்கார்ந்தவர்கள் மக்கள். கட்சிகள் பிறகே வந்தன. உட்கார்ந்தவர்கள் எழுந்தபின், தாளில் எழுதும் வேலை மற்றவர் கைக்குப் போய்விட்டது.

ஆகவே ஒப்பந்தத் தாள் எந்த மொழியில் இருந்தாலும், கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம், அம்மொழியிலேயே பதில் வரவேண்டும் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே வகை செய்தது. தமிழில் கேட்பது பிச்சையல்ல. கூலிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கொடி பிடித்திருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள்: எதன்மேல் சதவீதம்? இது போனஸா, கருணையா? அடுத்த கூலிப் பேச்சு எந்தத் தேதியில்? பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டுப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.