கழிவுநீரில் கலந்த ஆன்டிபயாடிக்: 'அச்சு' ஜெல் அதை மட்டும் பிடிப்பது எப்படி?

ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். மாத்திரை போட்டவரின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! இப்படிக் கலக்கும் ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் என்பதுதான் பயம்.

ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் போதாதா? அது கண்டதையும் உறிஞ்சி, சீக்கிரமே நிரம்பிடும். ஆய்வகங்களில் முயற்சிக்கப்படும் மாற்று, 'மூலக்கூறு அச்சு' பாலிமர் ஜெல். மருந்து மூலக்கூறைச் சுற்றியே ஜெல்லை இறுக வைத்து, பிறகு மருந்தைக் கழுவி எடுத்துடுவாங்க. களிமண்ணில் சாவி பதித்த மாதிரி குழி மிஞ்சும். அதே மருந்து வந்தால் அதில் உட்காரும். நுண்துளைகள் வழியே தண்ணீர் உள்ளே வரை போகும்.

சிக்கலும் இங்கேதான். அச்சுக்கு வைத்த மருந்து முழுசா வெளியேறாவிட்டால், பின்னர் தண்ணீரிலேயே கசியும். அதனால் வடிவத்தில் ஒத்த வேறு பொருளை அச்சாக வைத்தும் ஜெல் தயாரிக்கிறார்கள்.