சட்டம் படிக்க இரண்டு வாசல்!

புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் ஏறக்குறைய 50 கிலோ மீட்டரில் திருச்சி. சட்டம் படிக்க அங்கே இரண்டு அரசு நிலையங்கள் உள்ளன.

ஒன்று, அரசு சட்டக்கல்லூரி. அங்கே 5 ஆண்டுப் படிப்புக்கு, பிளஸ்-2 மார்க்கைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். தமிழில் படித்து வாங்கிய மார்க்கும் செல்லும்.

மற்றொன்று, 2012-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். அதில் சேர "கிளாட்" என்னும் அகில இந்தியப் பரீட்சை எழுதவேண்டும்.

என்ன பரீட்சை?

2 மணி நேரம், 120 கேள்விகள். ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதி உண்டு. பொது அறிவு, சட்டம், கணக்குப் பகுதிகளும் ஆங்கிலத்தில்தான்! நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்லவேண்டும். அறந்தாங்கியில் தமிழில் படித்த மாணவிக்கு நியாயம் எது என்று தெரியும். ஆனால், கேள்வி புரிவதற்குள் நேரம் ஓடிவிடும்.

"நீட்" பரீட்சையைத் தமிழில் எழுதலாம். "கிளாட்"டில் அந்த வசதி இல்லை.

ஆங்கிலம் வேண்டாமா?

வேண்டும். ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் ஆங்கிலம்தான். ஆனால், புதுக்கோட்டை கோர்ட்டில் சாட்சி சொல்பவர் பேசுவது தமிழ். வக்கீலுக்கு இரண்டும் தேவை. ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கக் கல்லூரியில் 5 ஆண்டுகள் இருக்கின்றன. வாசலிலேயே அதைக் கேட்டால், ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது லாபம்.

"கிளாட்" கேள்வித்தாளும் தமிழில் வரவேண்டும். அதுவரை, சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் 9-ம் வகுப்பிலேயே தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் படித்துவருவது நல்லது.