பப்ஜிக்குப் பிறந்தது பப்ஜி இல்லையாம்!

ஆவடி லோக்கலில் நாலு பசங்க போனைப் படுக்கவைத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தால், "என்னடா ஆடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பப்ஜி" என்றுதான் பதில் வரும். போனில் ஓடுவதோ பிஜிஎம்ஐ. உடனே பக்கத்து சீட் அறிவாளி ஆரம்பிப்பார்: "அது டூப்ளிகேட் மச்சி, ஒரிஜினல் போய் ரொம்ப நாளாச்சு."

ஒரிஜினல்! இந்த வார்த்தையைக் கொஞ்சம் கிளறித்தான் பார்ப்போமே.

முதலில் வம்சாவளி. ஆர்மா 2 என்று ஒரு ராணுவ கேம். அதை மாற்றி 2012ல் வந்த மோட், டேஇசட். அதையும் மாற்றி 2013ல் பிரெண்டன் கிரீன் ஒரு பேட்டில் ராயல் மோட் செய்தார். பிளேயர்அன்னோன் என்பது அவருடைய ஆன்லைன் பெயர். அந்தப் பெயரோடு 2017ல் கம்ப்யூட்டருக்கு வந்ததுதான் பப்ஜி. அதிலிருந்து 2018ல் பப்ஜி மொபைல். நம்மூரில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததே இந்தக் கடைசிப் பிள்ளையைத்தான். இதைத்தான் அந்த அறிவாளி 'ஒரிஜினல்' என்கிறார். பேரன் கொள்ளுப்பேரனைப் பார்த்து "நீ எங்க வம்சமே இல்லை" என்கிற கதை :)

2020 செப்டம்பர் 2ந்தேதி மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் பப்ஜி மொபைலும் ஒன்று. தென்கொரியாவின் கிராஃப்டான் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயை இறக்கியது. ரத்தம் சிவப்புக்குப் பதில் பச்சை, பெயரில் பப்ஜி கிடையாது. ஆனால் அதே எராங்கல், அதே பாராசூட், அதே சிக்கன் டின்னர். பழைய கணக்கைக் கொண்டுவரவும் வழி விட்டார்கள். சேர்த்த துப்பாக்கித் தோலும், ஏறிய லெவலும், கூட ஆடிய கூட்டமும் வந்து சேர்ந்தபிறகு இதில் என்ன டூப்ளிகேட்?

இதற்கு நேர் எதிர் உதாரணமும் அதே வருடமே வந்தது. 2021 நவம்பரில் அதே கிராஃப்டான் 'பப்ஜி: நியூ ஸ்டேட்' விட்டது. பெயரிலேயே பப்ஜி. கதை நடப்பது 2051ல், மேப் புதுசு. பெயர் இருந்தும் பிஜிஎம்ஐயின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருடமே பெயரிலிருந்த பப்ஜியையும் எடுத்துவிட்டார்கள்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் கதையும் இதுதான். 1998ல் வந்த ஹாஃப்-லைஃபுக்கு 1999ல் இரண்டு பேர் செய்த மோட் அது. வால்வ் கம்பெனி அதை வாங்கி 2000ல் கடைக்கு அனுப்பியது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக டஸ்ட் மேப்பில் சுட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஹாஃப்-லைஃப் ஹீரோ யாரென்று தெரியும்? தெரியாததால் ஆட்டம் குறைந்தா போயிற்று?

காமர்ஸ் பாடத்தில் நற்பெயர் என்று ஒரு புலனாகாச் சொத்து உண்டு. லேபிளை வைத்திருப்பவர் கணக்கில் அது ஏறலாம். அதை உண்டாக்குவது மறுபடி மறுபடி வருகிற வாடிக்கையாளர்தான். கேமிலும் அப்படியே. வாரிசு யாரென்பதைப் பெயர் முடிவு செய்வதில்லை, ஆடுகிறவன் முடிவு செய்கிறான்.

கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. 2022 ஜூலை 28ல் பிஜிஎம்ஐயும் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. திரும்பி வர 2023 மே ஆயிற்று. அந்தப் பத்து மாதம், பசங்க காசு போட்டு வாங்கியதற்கெல்லாம் யார் பொறுப்பு? இதைக் கேட்காமல் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பட்டிமன்றம் நடத்துவதில் கம்பெனிக்குத்தான் லாபம்.