தருவதற்குப் பணம் இருக்கிறதா?

பட்டாசு ஆலையில் உள்குத்தகை பிடிபட்டால் உரிமம் தற்காலிக ரத்து. கதவு, சுவர், அறைகளுக்கு இடையிலான தூரம், இடிதாங்கி எல்லாம் சரி என்று பார்த்ததும் உரிமம் மறுபடி கைக்கு வந்துவிடும். இதுவே போதும் என்று பொறுப்பில் இருப்பவர்கள் முடிவு செய்திருப்பதை ஏற்க முடியாது. ஆலையை உண்மையில் நடத்துகிறவரிடம் தொழிலாளிக்குத் தரப் பணம் இருக்கிறதா என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை.

உரிமம் தரும் அலுவலகத்தை வைத்து நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சொல்லப்படும் எதை எடுத்தாலும் தாளில் இருப்பது உரிமதாரர் பெயர். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் பிடித்து, வெடிமருந்து வாங்கி, தீபாவளிக்குள் சரக்கை முடிக்கிறவர் வேறு ஆள். ஒரே ஆலையில் ஆளுக்குச் சில அறைகள் என்று பலர் நடத்துவதும் உண்டு. உள்குத்தகை சட்டப்படி கூடாது என்பதால் அந்த ஆள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருடைய கணக்கு, கடன், சொத்து எதையும் எந்த அலுவலகமும் பார்த்ததில்லை. ஆனால் கூலி அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். விபத்து நடந்தால் இழப்பீடும் அவரிடமிருந்துதான்.

அந்த இழப்பீடு எப்படி வருகிறது? அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில், உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் உட்கார்ந்த பிறகே தொகை பேசப்படுகிறது. தாசில்தார் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். ஆலைத் தரப்பு ஒரு தொகை சொல்கிறது, உறவினர்கள் ஒரு தொகை சொல்கிறார்கள். கடைசியில் காசோலை நீட்டப்படுகிறது. அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று கேட்கும் நிலையிலா இருப்பார், கணவனைப் பறிகொடுத்த பெண்? கேட்க வேண்டியவர்கள் உரிமம் கொடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.

வேறொரு இடத்தில் இதே கேள்வி கேட்கப்படுகிறது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு அமெரிக்க நிறுவனம் கிரீன் கார்டு மனு போட்டால், சொன்ன சம்பளத்தைத் தரும் சக்தி தனக்கு உண்டு என்று அந்த நிறுவனம் நிரூபிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கோ, தணிக்கை செய்த நிதி அறிக்கையோ, ஆண்டறிக்கையோ காட்ட வேண்டும். வரிசையில் இடம் பதிவாகும் முன்னுரிமைத் தேதியில் தொடங்கி கார்டு கைக்கு வரும் வரை அந்தச் சக்தி இருந்தாக வேண்டும். கணினி முன் உட்காரும் வேலைக்கே இந்தக் கேள்வி. அவருடைய அம்மா மருந்து அறையில் உட்காரும் வேலைக்கு யாரும் எதையும் கேட்பதில்லை.

இந்த அலட்சியம் இன்று நேற்று வந்ததல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில் வேலை நடந்தது. வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். தற்காலிக ரத்து எதையும் தடுக்காது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2018-இல் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போதும் தொழிலாளியின் கூலிக்கு யார் பொறுப்பு என்று பொறுப்பில் இருப்பவர்கள் யோசிக்கவில்லை. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கும் மேல் பலி, அங்கும் உள்குத்தகை. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது. அந்தத் தொகையைப் பார்த்த பிறகாவது, இதைத் தரக்கூடியவர்தானா என்று சோதித்து உரிமம் கொடுத்திருக்க வேண்டாமா? 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி என ஒரே நாளில் 14 பேர் பலி. அதற்குப் பிறகும் வெடிவிபத்துகள்: 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் ஆய்வு, எச்சரிக்கை, முதல்வர் நிவாரண நிதி. நிவாரணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது மக்கள் பணம். லாபம் பார்த்தவர் தர வேண்டியதை மக்கள் ஏன் தர வேண்டும்?

பணம் காட்டச் சொன்னால் சிறு ஆலைகள் தாங்காது என்பார்கள். நான்கு குடும்பங்களுக்கு இழப்பீடு தரத் தாங்காத ஆலைக்கு நான்கு பேரை ஒரு அறையில் உட்கார வைக்க என்ன உரிமை? கூலிக்கும் இழப்பீட்டுக்கும் பணம் உண்டு என்பதற்கு வைப்புத்தொகையோ, வங்கி உத்தரவாதமோ, வேறு எந்த ஏற்பாடோ, உரிமம் அடுத்த முறை புதுப்பிக்கப்படுவதற்குள் அது வந்தாக வேண்டும்.